சந்தனம் காய்ந்த சக்கரம்

எட்டுச் சக்கரங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் ஒரு சிட்டிகை குங்குமம்.

விஜயதசமி அன்று மத்தியானம். சிம்மக்கல்லில் எங்கள் சைக்கிள் கடைத் தரையில் உட்கார்ந்து, அந்தச் சக்கர ஜோட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் மண்ணெண்ணெய் டப்பா, இன்னொரு கையில் துணி. இன்னும் இரண்டு மணி நேரத்தில் அதைக் காலில் மாட்டிக்கொண்டு அத்தனை சனத்துக்கு முன்னால் ஓடியாக வேண்டும்.

விரலால் ஒரு சக்கரத்தைத் தட்டினேன். சுற்றவில்லை.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதும்போது, என் இடது கை முழுசாக நீட்ட வராது என்று ஒரு வரி போட்டிருந்தேன். எதனால் என்று கேட்டு மூன்று பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். சைக்கிளிலிருந்து விழுந்தீரா என்று ஒருவர். இல்லை. சைக்கிளில் இருந்து நான் விழுந்ததே இல்லை. சந்தனத்தால் விழுந்தேன். அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சறுக்குக் கொட்டகை

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள். டயர், டியூப் வருவதே அபூர்வம். பழைய டியூபுக்கு ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு ஊர் ஓடிக்கொண்டிருந்தது. கடையில் பாதி நாள் ஈ ஓட்டுவதுதான் வேலை.

அப்போதுதான் ஆற்றுக்குப் போகிற சந்தில் இருந்த பஞ்சு குடோனை ஒருவன் வாடகைக்கு எடுத்தான். பெஞ்சமின் என்று பேர். என் வயசுதான் இருக்கும், இருபத்துமூணு, இருபத்துநாலு. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவராம். பெங்களூரில் எங்கேயோ சறுக்கு ஓடக் கற்றுக்கொண்டு, அங்கே மூடிப்போன ஒரு கொட்டகையிலிருந்து நாற்பது ஜோடி சக்கர ஜோடு வாங்கிக்கொண்டு மதுரைக்கு வந்துவிட்டான்.

அந்த குடோனில் சிமெண்டுத் தரை வழவழவென்று இருக்கும். மூட்டை இழுத்து இழுத்தே மெருகு ஏறிய தரை. மூலைகளில் பஞ்சுத் துணுக்கு பறந்துகொண்டே இருக்கும், பருத்திக்கொட்டை வாசம் போகவே போகாது. அந்தப் பஞ்சுதான் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. சக்கரத்துக்குள் பஞ்சு போய், உருளுகிற இரும்புக் குண்டு, பால்ஸ், மாட்டிக்கொள்ளும். சைக்கிள் வீலில் இருக்கிற அதே பால்ஸ்தான், கொஞ்சம் சிறுசு. பிரித்துக் கழுவி, கிரீஸ் வைத்து, திரும்ப மாட்டிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று பெஞ்சமின் எங்கள் கடைக்கு வந்தான்.

கடை முதலாளி அழகரண்ணன் ஒரு சக்கரத்தைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "பச்சைப்புள்ள சைக்கிளு மாதிரி இருக்கு. போயி பாத்துட்டு வாடா" என்று என்னை அனுப்பினார்.

பழுது பார்த்த சக்கரம் சரியாக ஓடுகிறதா என்று ஓட்டித்தானே பார்க்க வேண்டும். அப்படித்தான் முதல்முதலில் மாட்டினேன். எழுந்து நின்றேன். அடுத்த நொடி மேல் ஓடு தெரிந்தது. ஓட்டில் ஒரு கண்ணாடி வில்லை பதித்திருந்தார்கள் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

சிரிப்பு

இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

அந்த வருஷம் சித்திரையில் எங்கள் பிள்ளை இறந்துபோனான். எட்டு மாசம். ராசு என்று கூப்பிடுவோம். வயிற்றுப்போக்கு, இரண்டே நாள்.

என் வீட்டுக்காரி பொன்னுத்தாய்க்கு அதற்கப்புறம் பேச்சு இல்லை. ஊமையாகிவிடவில்லை. "சோறு வைக்கவா", "தண்ணி வந்துருச்சு", இப்படி. அவ்வளவுதான். அழவும் இல்லை. எடுத்துக்கொண்டு போன அன்றும் அழவில்லை. பரவைக்கு அந்தப் பக்கம் அவள் ஊர், அங்கிருந்து வந்த பொம்பளைகள் கட்டிப் பிடித்து அழுதார்கள். இவள் அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை போனதற்கு நான் அழுதேனோ இல்லையோ, இவள் இப்படி ஆனதற்கு அழுதிருக்கிறேன். ஆற்று மணலில், குளிக்கப் போகிற சாக்கில்.

மத்தியானச் சோறு தூக்குச் சட்டியில் அவள்தான் கடைக்குக் கொண்டுவருவாள். அன்றைக்கு நான் கொட்டகையில் இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மத்தியானத்தில் கொட்டகையில் ஆள் கிடையாது. வாசலுக்கு உள்ளே ஒரு சாக்கு மேல் சட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்திருக்கிறாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். சுவர் முடிந்துவிட்டது. கை காற்றில் துழாவியது. கால் இரண்டும் தனித்தனியாக இரண்டு ஊருக்குப் போயின. உட்கார்ந்த இடத்திலிருந்து அப்படியே சறுக்கிக்கொண்டு போய், அவள் வைத்த தூக்குச் சட்டிக்கு எதிரே நின்றேன்.

பொன்னுத்தாய் சிரித்தாள்.

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க. மூன்று மாசத்துக்குப் பிறகு. எனக்கு இடுப்பு வலி எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து தினம் மத்தியானம் கொட்டகைதான். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் போவேன். விழுவேன். அவள் சிரிப்பாள். சோறு தின்பேன். இப்படி ஒரு வாரம், பத்து நாள் போயிருக்கும். அப்புறம் ஒரு சங்கடம் வந்தது. எனக்கு ஓட வந்துவிட்டது. உடம்பு தானாகப் பழகிவிடுகிறதே. விழ வேண்டிய இடத்தில் விழாமல் திரும்பிவிடுகிறேன். அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

அதனால் வேண்டுமென்றே விழ ஆரம்பித்தேன்.

இரண்டாவது நாளே கண்டுபிடித்துவிட்டாள். வீட்டுக்குப் போகும் வழியில், கையிலிருந்த தூக்குச் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னைக்கு விழுந்தது பொய்யி."

"யாரு சொன்னா?"

"கையை முன்னாடியே ஊணிட்டுல்ல விழுந்தீக. நெசமா விழுறவுக அதெல்லாம் யோசிக்க மாட்டாக, மச்சான்."

ஒரே மூச்சில் அவள் அவ்வளவு பேசியதே எனக்குப் பெரிசாக இருந்தது. நான் அவள் தாய்மாமன் மகன், அதனால் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மச்சான்தான். பிள்ளை போன பிறகு அந்த மச்சானும் நின்றுபோயிருந்தது. அன்றைக்குத் திரும்பி வந்தது.

பிணையல் மாடு

நேராக ஓடுவது ஒன்றும் பெரிசில்லை. பெஞ்சமின் தரையில் வெள்ளைச் சாயத்தால் ஒரு பெரிய எட்டு வரைந்து வைத்திருந்தான். ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இரண்டு வட்டம், ஆள் நீளத்துக்கு மேல் அகலம். அந்தக் கோட்டின் மேலேயே போக வேண்டும். ஒரு வட்டம் வலது காலில் மட்டும், இன்னொரு வட்டம் இடது காலில் மட்டும். பெஞ்சமின் போகும்போது பார்த்தால் நூல் பிடித்தது மாதிரி இருக்கும். சீமையில் பனிக்கட்டி மேல் இதைச் செய்வார்களாம், கத்தி வைத்த ஜோட்டில். பனிக்கட்டியில் காலால் எழுதின எட்டு அப்படியே பதிந்து நிற்குமாம். அவனும் பார்த்ததில்லை, கேள்விதான்.

எனக்கு வட்டமே வரவில்லை. இரண்டு காலில் ஓடும்போதுகூட வட்டம் விரிந்து விரிந்து கடைசியில் சுவரில் போய் நிற்பேன். பெஞ்சமின் எவ்வளவோ சொன்னான். இடுப்பு என்றான், தோள் என்றான், ஏதோ இங்கிலீஷில் சொன்னான். மூணாங்கிளாஸ் படித்தவனுக்கு என்ன புரியும்.

ஒருநாள் பொன்னுத்தாய் சாக்கிலிருந்து எழுந்து வந்தாள். வெறுங்காலோடு அந்த எட்டின் ஓரத்தில் நின்றாள்.

"எங்க ஊருக் களத்துல பிணையல் அடிக்கிறதப் பாத்திருக்கீகள்ல?"

அறுப்பு முடிந்து, களத்தில் கதிரைப் பரப்பி, நாலைந்து மாட்டை வரிசையாகப் பிணைத்துச் சுற்றவிட்டு மிதிக்க விடுவார்கள். பார்க்காமல் என்ன.

"உள்மாடு குட்டையா அடி வைக்கும். வெளிமாடு எட்டி வைக்கும். நீங்க ரெண்டு காலையும் ஒரே மாதிரி வச்சா எப்புடி சுத்தும்? களத்தை விட்டு வெளிய போயிரும்."

பெஞ்சமின் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவள் முடிக்கவில்லை.

"இன்னொண்ணு. மாடு நடுவுல பாத்துக்கிட்டுத்தான் சுத்தும். நீங்க வாசலப் பாத்துக்கிட்டே சுத்துறீக."

வாசலில் உட்கார்ந்திருந்தது அவள்தான்.

மறுநாளிலிருந்து அவள் சாக்கை இழுத்துக்கொண்டு வந்து, ஒரு வட்டத்துக்கு நட்டநடுவே போட்டு உட்கார்ந்துகொண்டாள். "இங்க பாருங்க, வேற எங்கயும் பாக்காதீக" என்பாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே அவளைச் சுற்றி வருவேன். உள்கால் குட்டை, வெளிக்கால் எட்டி. அதற்கப்புறம் ஒற்றைக் கால். அவள் கீரை ஆய்வாள், மொச்சை உரிப்பாள். தலையைத் தூக்காமலே, சத்தத்தை வைத்து, "கோட்டை விட்டு வெளிய போயிட்டீக" என்று சொல்லிவிடுவாள்.

சக்கரம் சிமெண்டில் போகிற அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தூரத்தில் மாவு மிஷின் ஓடுகிற மாதிரி. நடுவில் மொச்சைத் தோல் விழுகிற சின்னச் சத்தம்.

புரட்டாசி வருவதற்குள் முழு எட்டு வந்துவிட்டது.

செருப்பா, வண்டியா

கொட்டகைக்கு ஆள் வரவில்லை. பட்டாளத்துக்காரர்கள் சில பேர் வந்தார்கள், போனார்கள். நம் சனம் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். காலை ஒடித்துக்கொள்ள நமக்கென்ன விதியா என்று. பெஞ்சமின் ஒரு யோசனை சொன்னான். விஜயதசமி அன்று எல்லாக் கடையும் லீவு. அன்று சாயங்காலம் எல்லோரையும் சும்மா உள்ளே விடுவோம். வெளியூர்க்காரன் நான் ஓட்டினால் சர்க்கஸ் என்பார்கள். சைக்கிள் கடைக்காரன் ஓட்டினால், நமக்கும் வரும் என்று நினைப்பார்கள். அதனால் நீ எட்டுப் போடு.

சரி என்றுவிட்டேன். அவன் பிழைப்பு அதில் இருந்தது. எனக்கு வேறு கணக்கு. அவளை நடுவில் உட்கார வைத்துக் கற்றதை ஊர் பார்க்கட்டும் என்று.

ஆயுத பூஜை அன்று கடையைக் கழுவி, ஸ்பேனர், சுத்தி, பம்பு எல்லாவற்றையும் பலகையில் அடுக்கிப் பொட்டு வைப்போம். வழக்கமாக அழகரண்ணன் வீட்டம்மாதான் வந்து செய்வார்கள். அந்த வருஷம் காலையில் பொன்னுத்தாய் தலைக்குக் குளித்துவிட்டு, "நானும் வாரேன்" என்றாள்.

பிள்ளை போனதிலிருந்து வீட்டில் அவள் விளக்குக்கூட ஏற்றவில்லை. நான்தான் ஏற்றுவேன். சாமி என்று ஒன்று இருக்கிற பக்கமே திரும்பமாட்டாள். அவள் வாரேன் என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். பேசினால் கலைந்துவிடுமோ என்று பயம்.

கடையில் அவளே சந்தனம் அரைத்தாள். எல்லாவற்றுக்கும் வைத்து முடித்தபின் சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"அது எங்க?"

சக்கர ஜோடு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு வந்து பலகையில் வைக்கப் போனாள். அழகரண்ணன் தடுத்தார்.

"ஏத்தா, செருப்பைக் கொண்டாந்து சாமிக்கு முன்னால வைக்கிறதா?"

"செருப்புன்னா நடக்கணும்ணே. இது ஓடுதுல்ல. ஓடுறதெல்லாம் வண்டிதான்."

"தோலு இருக்கே அதுல."

"தோலக் கழத்திருவோம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் திருகுச் சாவி எடுத்து தோல் வார் இரண்டையும் கழற்றினேன். வெறும் இரும்பும் சக்கரமும் பலகையில் ஏறின. அவள் எட்டுச் சக்கரத்துக்கும் நடு மையத்தில், அச்சு முனை மேல், தாராளமாகச் சந்தனம் வைத்தாள். மோதிர விரலால் அழுத்தி, அழுத்தி. அவள் வாய் என்னமோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

சைக்கிள்காரனுக்குத் தெரியாதா. சைக்கிளுக்குப் பொட்டு ஹாண்டில் பாரில் வைப்போம், மட்கார்டில் வைப்போம். அச்சு முனையில் யாரும் வைப்பதில்லை. அங்கேதான் பால்ஸ் இருக்கிறது. நான் அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. ராத்திரி முழுக்கச் சந்தனம் உள்ளே இறங்கி, காய்ந்து, சிமெண்டு மாதிரி பிடித்துக்கொண்டது.

எட்டு

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். மடியில் ஜோடு. கையில் மண்ணெண்ணெய்.

கால் மணி நேர வேலை. பொட்டைத் துடைத்து, அச்சில் இறுக்கியிருக்கிற கோனை இளக்கி, பால்ஸைக் கழுவி மாட்டினால் முடிந்தது. துணியை நனைத்தேன். முதல் சக்கரத்துப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

காய்ந்த சந்தனத்தில் அவள் விரல் ரேகை பதிந்திருந்தது. வட்டம் வட்டமாக, மெல்லிசு கோடு கோடாக. எட்டுச் சக்கரத்திலும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எட்டிலும் இருந்தது.

துணியைப் போட்டுவிட்டேன். பொட்டு இல்லாத பின்பக்கமாக மட்டும் இரண்டிரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கையால் அழுத்திச் சுற்றினேன். முரண்டு பிடித்துக்கொண்டு கொஞ்சம் சுற்றியது. போதும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

கொட்டகையில் நல்ல கூட்டம். பலசரக்குக் கடைக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பொம்பளைகள் ஒரு பக்கம், அந்த வரிசையில் பொன்னுத்தாய். சனம் இருந்ததால் நடுவில் உட்காரக் கூச்சம். வட்டத்தின் நடு காலியாகக் கிடந்தது.

வலது காலில் முதல் வட்டம் வந்துவிட்டது. சக்கரம் கரகரவென்று கத்தியது, ஆனாலும் கோட்டை விடவில்லை. யாரோ "அட" என்றார்கள். இடது காலுக்கு மாறினேன். பாதி வட்டம். பின் சக்கரம் ஒன்று, யாரோ கையால் பிடித்த மாதிரி நின்றுவிட்டது. உடம்பு முன்னால் போய்விட்டது, கால் பின்னால் நின்றுவிட்டது. இந்தத் தடவை கையை முன்னாடியே ஊன்ற யோசிக்கவில்லை.

எலும்பு ஒடிகிற சத்தம் எனக்கே கேட்டது.

சனம் முதலில் சிரித்தது. அப்புறம் நான் எழுந்திருக்கவில்லை என்றதும் சிரிப்பு நின்றது. பெஞ்சமின் ஓடிவந்தான். அவனுக்கு முன்னால் அவள் வந்துவிட்டாள். என் கையைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். சக்கரத்தைப் பார்த்தாள். எட்டுப் பொட்டும் அப்படியே இருந்தது.

"தொடைக்கலையா?"

"இல்ல."

"ஏன் மச்சான்?"

"நீ வச்சதுல்ல" என்றேன்.

என் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே சிமெண்டில் உட்கார்ந்தாள். ஒரு சத்தம் அவள் வயிற்றிலிருந்து வந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. "ராசு" என்று அழுதாள். அய்யா ராசு, அய்யா ராசு என்று, அத்தனை சனத்துக்கு நடுவில், ஆறு மாசத்து அழுகையையும் ஒரே இடத்தில் அழுது தீர்த்தாள். எனக்குக் கை பிராணன் போகிற வலி. ஆனாலும் நகரவில்லை. நகர்ந்தால் நின்றுவிடுமோ என்று.

கூட்டத்தில் ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"கை ஒடிஞ்சதுக்கா இம்புட்டு அழுகை?"

ஏழு சக்கரம்

கட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கொஞ்சம் கோணலாகத்தான் சேர்ந்தது. கொட்டகை கார்த்திகைக்கு முன்னாலேயே மூடிவிட்டது. என்னால்தானோ என்று இன்னும் உறுத்துகிறது. பெஞ்சமின் அப்படி நினைக்கவில்லை. போகும்போது அந்த ஜோட்டை எனக்கே கொடுத்துவிட்டுப் போனான்.

எனக்குக் கையில் கட்டு இருந்தபோது, பொன்னுத்தாயே மண்ணெண்ணெய் ஊற்றி, நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றிக் கழுவினாள். ஏழு முடிந்தது. எட்டாவதை அப்படியே வைத்துவிட்டாள்.

"அது ஒண்ணு கெடக்கட்டும் மச்சான். நீங்க விழாமயே இருந்துட்டா நான் எதைப் பாத்துச் சிரிக்கிறது?"

அதற்கப்புறம் அவள் நிறையச் சிரித்தாள். நிறையப் பேசினாள். நாலு வருஷம்.

இந்தப் பங்குனியில் காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் போய்விட்டாள். எல்லாரும் என்னைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். நான் அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வருஷம் திரும்பாத வீட்டில் பண்டிகை கிடையாது. இந்த ஆயுத பூஜைக்கு அழகரண்ணன் என்னைக் கடைக்கு வர வேண்டாம் என்றார். தப்பாகச் சொல்லவில்லை, வழக்கம் அப்படி. விஜயதசமிக்கு மறுநாள் போனேன். எல்லாவற்றிலும் பொட்டு இருந்தது. ஆணியில் தொங்கிய ஜோட்டில் மட்டும் புதுப் பொட்டு இல்லை. எட்டாவது சக்கரத்தில் பழைய சந்தனம், கறுத்துப் போய், ரேகை இன்னும் தெரிகிற மாதிரி.

அண்ணன் டீக் குடிக்கப் போன நேரம், வாரைக் கட்டி மாட்டினேன். கடைத் தரை சின்னது. ஒரு தள்ளு தள்ளினேன். அந்த ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டு இடது பக்கமாக இழுத்தது. இழுத்த பக்கமே போனேன். சுற்றிக்கொண்டு வந்து அதே இடத்தில் நின்றேன். வட்டத்தின் நடுவில் எதுவும் இல்லை, ஒரு பழைய பம்பு கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை போனேன்.

விழவில்லை. நானே உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அந்தச் சத்தம் வந்தது. அவளுக்கு வந்த மாதிரியே, வயிற்றிலிருந்து.

அண்ணன் டீ கிளாஸோடு ஓடிவந்து வாசலில் நின்றார். காலில் ஜோட்டைப் பார்த்தார்.

"என்னடா? மறுபடியும் கையா?"

"ஆமாண்ணே" என்றேன். "கைதான்."

அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார்.